அப்ரூவல் பிளான் வேறு, கட்டுகிற வீடு வேறு: கோவையில் வீடு கட்டுவோர் கவனத்திற்கு

கோவை மாநகராட்சி எல்லைக்குள் வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், கட்டட அனுமதி பெறும் பொறுப்பை ஒரு தரகரிடம் மொத்தமாக ஒப்படைத்திருந்தால் இதை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு அனுமதி கிடைத்தது. அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்திலிருந்தே வந்த அனுமதிதான் அது. போலி ஆவணம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த அனுமதியோடு இணைந்திருந்த வரைபடத்தில் உள்ள வீடு எங்கள் வீடு அல்ல என்பது, முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிய வந்தது.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பைக் கட்டுவோர், சுயசான்றின் (விவரங்கள் சரியானவை என்று உரிமையாளரே உறுதியளிப்பது) அடிப்படையில் உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டியே யாரும் மனையை நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை. வரைபடத்தைச் சரிபார்ப்பதற்கான கூர்ந்தாய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணமும் கிடையாது. பணிமுடிவுச் சான்று (கம்ப்ளீஷன் சர்டிபிகேட்) பெறுவதிலிருந்தும் விலக்கு உண்டு. சாதாரண மக்கள் அலுவலகப் படி ஏறி இறங்காமல் வீடு கட்ட வேண்டும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட நல்ல திட்டம் இது. எங்கள் மனை ஐந்தரை சென்ட், அதாவது ஏறத்தாழ 2395 சதுர அடி. கட்ட நினைத்ததோ கீழும் மேலுமாக 2600 சதுர அடி. எனவே இத்திட்டத்துக்குள் எந்த இடைஞ்சலும் இல்லாமல் வரக்கூடிய வீடுதான் எங்களுடையது.

எங்கள் கட்டட ஒப்பந்ததாரர் அறிமுகப்படுத்திய நபர், வீட்டு வரைபடம், அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். அனுமதிக்கு மட்டும் இவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுத்தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். அதில் முதல் வரி கூர்ந்தாய்வுக் கட்டணம், இரண்டாவது உட்கட்டமைப்புக் கட்டணம், மூன்றாவது 'ஆபீஸ் செலவு'. முதல் இரண்டும் இத்திட்டத்தில் வசூலிக்கப்படுவதே இல்லை. மூன்றாவதை எந்த அதிகாரியும் எங்களிடம் கேட்கவில்லை. கணினி உடனுக்குடன் வழங்கும் அனுமதிக்கு யாரிடம் போய் எதைக் கொடுத்தார் என்ற கேள்விக்கு அவரிடம் இன்றுவரை பதில் இல்லை. பின்னாளில் நாங்களே இணையதளத்தில் நுழைந்து பதிவிறக்கிய ரசீதில் அரசுக்குச் செலுத்தியதாக இருந்த தொகை, நாங்கள் அவரிடம் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

விண்ணப்பம் பதிவான நாளில் அவர் தொலைபேசியில் அழைத்து, "சார், இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேங்க" என்றார். அன்று மாலையே அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. வரைபடத் தாளை நாங்கள் கேட்டபோதெல்லாம் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லித் தள்ளிப் போட்டார். ஆனால் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் தேவையான வரைபடத்தை மட்டும் தாமதமில்லாமல் கொடுத்துவிட்டார். இத்தொழிலில் இருப்பவர்கள் 'அப்ரூவல் பிளான்' என்றும் 'வொர்க்கிங் பிளான்' என்றும் இரண்டாகச் சொல்வது இந்த இரண்டைத்தான். இரண்டும் ஒரே வீட்டைக் காட்ட வேண்டும். ஒன்றில் தூண், கம்பி விவரம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவே. எங்களுக்கோ இரண்டும் இரண்டு வெவ்வேறு வீடுகளாக இருந்தன.

கண்டுபிடித்தவர் வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர். வீட்டுக்கடனின் அடுத்த தவணையை விடுவிக்கும் முன் அவர் அனுமதி வரைபடத்தோடு மனைக்கு வந்து, அதைச் சிமெண்ட் மூட்டைகளின் மேல் விரித்து வைத்துக்கொண்டு டேப் பிடிக்கத் தொடங்கினார். வரைபடத்தில் கிழக்குப் பக்கம் ஐந்து அடி இடைவெளி. மனையில் அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. வரைபடத்தில் படிக்கட்டு வரவேற்பறைக்குள், கட்டியிருப்பதோ வெளிப்படிக்கட்டு. எங்கள் மனை பின்பக்கம் போகப் போகக் குறுகும். முன்புறம் 40 அடியும் பின்புறம் 36 அடியுமாக இருக்கும் அந்த மனை, தாளில் சீரான செவ்வகமாக இருந்தது. வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு வரையப்பட்டிருந்தது. எங்கள் மனையில் கிணறே கிடையாது. யாரோ ஒருவருடைய பழைய வரைபடத்தை எடுத்து, தலைப்புக் கட்டத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றி ஏற்றியிருக்கிறார் என்பது அந்தக் கிணற்றைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கீழே கையொப்பமிட்டிருந்த பதிவு பெற்ற பொறியாளரை நாங்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அவர் எங்கள் மனைக்கு வந்ததும் இல்லை.

வங்கி தவணையை நிறுத்தி வைத்தது. அதில் வங்கியைக் குறை சொல்ல முடியாது. பணம் வராததால் வேலை நின்றது, கம்பியும் சென்ட்ரிங் பலகையும் வாடகை ஏறிக்கொண்டே கிடந்தன, குடியிருந்த வீட்டுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். தரகரை நேரில் சந்தித்தபோது, "எல்லாருக்கும் இப்படித்தாங்க பண்றோம், கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டே வேண்டாம்னு ஆயிடுச்சு, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். நேரில் ஆய்வு இல்லை என்ற சலுகை வீட்டு உரிமையாளரை நம்பி அரசு கொடுத்தது. அந்த நம்பிக்கையை இவர்கள் தங்கள் வேலையைச் சுருக்கிக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். அதிகாரி வராவிட்டாலும் வங்கிப் பொறியாளர் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் மாநகராட்சி வரும். நாளை வீட்டை விற்கப் போனால் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அனுமதி வரைபடத்தைத்தான். அனுமதிக்கு மாறாகக் கட்டினால், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும், கட்டியதை அகற்றச் சொல்லவும், பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் உண்டு. அந்த அறிவிப்பில் தரகரின் பெயர் இருக்காது. சுயசான்று என்பதன் பொருளே, கொடுத்த விவரங்கள் அனைத்துக்கும் உரிமையாளரே பொறுப்பு என்பதுதான். கடைசியில் அவரும் அதையே எங்களிடம் திருப்பிச் சொன்னார்: "ஓடிபி உங்க போனுக்குத்தானே வந்துச்சு?"

வேறொரு பதிவு பெற்ற பொறியாளரை அழைத்து, மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு மனையை முதலிலிருந்து அளக்கச் செய்தோம். உள்ளபடியே வரைந்து பார்த்தபோது, வெளிப்படிக்கட்டின் இறங்குமேடையை (லேண்டிங்) தவிர மற்றவை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் அடங்கிவிட்டன. அதாவது, நேர்மையாக வரைந்திருந்தால் முதல் நாளே சிக்கலில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய அனுமதி இது. புதிதாக மனையை அளந்து வரைய சோம்பல்பட்ட ஒருவருக்காக, கட்டி முடித்த இறங்குமேடையை உடைத்து, படிக்கட்டைத் திருப்பி அமைத்து, திருத்திய வரைபடத்துக்கு மீண்டும் கட்டணம் செலுத்தி, அதன் பிறகே வங்கித் தவணையைப் பெற்றோம். என் மனைவி நகையை அடகு வைத்துத்தான் அந்த இடைவெளியைச் சமாளித்தோம்.

இப்போது வேலை நடந்துகொண்டிருப்பவர்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பம் உங்கள் அலைபேசி எண்ணில் பதிவாகியிருந்தால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே நுழைந்து, அனுமதிக் கடிதத்தோடு வரைபடத்தையும் கட்டண ரசீதையும் பதிவிறக்குங்கள். தரகர் தன் எண்ணிலேயே பதிவு செய்திருந்தால், அந்தக் கணக்கின் விவரத்தைக் கேட்டு வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். வரைபடம் படிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். மனையின் நான்கு பக்க அளவுகள், தெருவின் அகலம், நான்கு புறமும் விட்ட இடம், படிக்கட்டு இருக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் ஒரு டேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதுமானது. அஸ்திவாரம் தோண்டும் முன் பார்த்தால் செலவே இல்லை. மனையே அங்கீகாரமற்றதாக இருந்து வரன்முறைப்படுத்தப்படாமல் இருந்தால், அதை மறைத்து அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த வேலை என்பதால் இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் ஜிபேயில் அனுப்பிய தொகைக்கும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளுக்கும், அந்தத் துண்டுத்தாளுக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது; ரொக்கமாகக் கொடுத்ததற்குத்தான் எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. வரைபடத்தில் கையொப்பமிட்ட பொறியாளரின் பதிவு குறித்து மாநகராட்சி ஆணையருக்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் தரகரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மனையில் இல்லாத கிணறு வரைபடத்தில் இருப்பதைக் கண்டவர்கள், அல்லது தங்கள் மனைக்குப் பொருந்தாத வரைபடத்தோடு அனுமதி பெற்றவர்கள் யாரேனும் இருந்தால், ரசீதுகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள். ஆணையத்தில் எங்கள் வழக்கறிஞர் அவற்றையும் சேர்த்து முன்வைக்கத் தயாராக இருக்கிறார்.