பெங்களூரா மாம்பழமா, கேழ்வரகா: பள்ளி உணவுக்கூடத்துக்கு எது தோது?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளிகளில் உணவுத் தொழில்நுட்பமும் விருந்தோம்பலும் பாடமாக நடத்துபவர்கள் மூலப்பொருளுக்கு அலைய வேண்டாம். பழக்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாம்பழமும் கேழ்வரகும் வாசலிலேயே கிடைக்கின்றன. ஆண்டு முழுதும் எதை மையமாக வைப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் ஓட்டு கேழ்வரகுக்கு. ஆனால் ஜூனில் பள்ளி திறந்ததும் வரும் சில வாரங்களை மாம்பழத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

மாம்பழத்தில் ஸ்குவாஷ், ஜாம் இரண்டும் செய்யலாம். இரட்டைப் பாடவேளைக்குள் நிம்மதியாக முடிவது ஸ்குவாஷ். மாம்பழக் கூழ் 1 கிலோ, சர்க்கரை 1.1 கிலோ, தண்ணீர் 750 மி.லி., சிட்ரிக் அமிலம் 25 கிராம். சர்க்கரைப் பாகை நன்றாக ஆறவிட்டு, வடிகட்டிய பிறகே கூழைச் சேர்க்க வேண்டும். கெடாமல் காக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் லிட்டருக்கு அரை கிராம் போதும். கடைசியில், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கவும். சூட்டில் போட்டால் கந்தக வாயு பறந்துவிடும், பத்து நாளில் பாட்டில் நுரைக்கும். ஆஸ்துமா உள்ள மாணவரை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

ஜாமில் சிக்கல் வெப்பமானியில் இருக்கிறது. பாடநூல்கள் சொல்லும் 105 டிகிரி கடல்மட்டத்துக்கான கணக்கு. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 105 வரை காய்ச்சினால் ஜாம் இறுகி, சில வாரத்தில் சர்க்கரை மணல் மணலாகப் பூத்துவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளவு பாருங்கள். அதற்கு மேல் 5 டிகிரி வந்ததும் இறக்குங்கள். முழுக்கப் பழுத்ததில் ஜாமை உறையவைக்கும் பெக்டின் குறைவு என்பதால் கால் பங்கு செங்காய் சேர்த்தால் பதம் நிற்கும்.

கேழ்வரகின் வசதி வேறு. செய்முறைத் தேர்வு வரும் பிப்ரவரியில் மாம்பழம் இருக்காது, கேழ்வரகு இருக்கும். 100 கிராமில் 364 மி.கி. கால்சியம் என்பதால் சத்துணவுப் பாடமும் கூடவே நடக்கும். கஷ்டம் அதை முளைகட்டும் நேர அட்டவணையில்தான். திங்கள் காலை ஊறப்போட்டு, இரவு வடித்து ஈரத்துணியில் கட்டினால் புதன் இரவுக்குள் முளை வரும்; வியாழன் உலர்த்தல், வெள்ளி வறுவல். வியாழக்கிழமை தொடங்கினால் ஞாயிறன்று எல்லாரும் கோயிலில், முடிச்சு பூஞ்சணத்தில்! விடுதிப் பிள்ளைகளுக்கு முறை போட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் புரட்டச் சொல்லுங்கள்.

வறுவலில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். வாசம் வருகிறதே என்று கருக வறுத்தால் முளையில் உருவான, மாவுச்சத்தை உடைக்கும் நொதியான அமைலேஸ் செத்துப்போகும். மெல்லிய தீயில் ஈரம் போனால் போதும். பிறகு வேரைத் தேய்த்து உதிர்த்துவிட்டு அரைக்கவும். நொதி பிழைத்ததா என்று சோதிக்க ஒரு வழி: சாதா மாவு 20 கிராம், முளைகட்டிய மாவு 20 கிராம், தனித்தனியே 200 மி.லி. தண்ணீரில். இரண்டையும் 60–65 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கொதிக்கவிடுங்கள். முதலாவது கெட்டியாகும், இரண்டாவது நீர்த்தே இருக்கும். நொதி என்றால் என்ன என்பதைக் கரண்டியே சொல்லிவிடும்.

பேக்கரிப் பக்கம் கேழ்வரகு கொஞ்சம் சண்டி. மாவைப் பிணைக்கும் குளூட்டன் புரதம் இல்லாததால் தனியாக பிஸ்கட் செய்தால் பொடிந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலக்கலாம். கிறிஸ்துமஸ் கேக்கில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

பரிமாறும் பயிற்சியிலும் வித்தியாசம் தெரியும். அறுப்பின் பண்டிகைக்கு வரும் கூட்டத்துக்கு ஸ்குவாஷ்தான் சுலபம். லிட்டருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், 200 மி.லி. வீதம் 20 டம்ளர். விலைக்கு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு வேண்டும். தவக்கால வெள்ளிகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி. சாதா மாவில் காய்ச்சினால் ஆற ஆற இறுகிப் பாத்திரத்துக் குழாயை அடைக்கும். முளைகட்டிய மாவென்றால் கடைசி டம்ளர் வரை ஊற்றலாம்.