ஒலி வராத புளூடூத்தைச் சரிசெய்து தந்த நிலாவெளி வீதிக் கடை

எங்கள் யப்பானிய காருடன் கைத்தொலைபேசி உடனே இணைந்துவிடும், அழைப்புகளும் தெளிவாகக் கேட்கும்; ஆனால் பாட்டைப் போட்டால் அது தொலைபேசியிலேயே ஒலிக்குமேயன்றிக் காரில் சத்தமே வராது. முன்பு காட்டிய ஓரிடத்தில் காரின் ஓடியோ செற்றையே மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள சிறிய கார் ஓடியோ கடையொன்றுக்குச் சென்றேன்.

அங்கிருந்த தம்பி திருகாணிச் சாவியைத் தொடவேயில்லை. "அண்ணை, கோல் கேக்குதெண்டால் ஸ்பீக்கரில பிழையில்லை" என்றவர், அழைப்புக்கு எச்எஃப்பி, இசைக்கு ஏ2டிபி எனப் புளூடூத்தில் இரு தனி வழிகள் உண்டென்றும், முதலாவது மட்டும் இணைந்தாலும் திரை 'இணைந்தது' என்றே காட்டக்கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார். தொலைபேசியில் காரின் பெயருக்கு அருகிலிருந்த சக்கரக் குறியை அழுத்தியபோது, 'மீடியா ஓடியோ' அணைந்திருந்தது, போட்டாலும் மீண்டும் அணைந்துவிட்டது. காரணம் செற்றில் இருந்தது. யப்பானிய எழுத்திலிருந்த பட்டியலில் அழைப்புக்கும் இசைக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டியிருக்க, நாங்கள் அழைப்புக்கு மட்டுமே பதிந்திருந்தோம். இரு பக்கத்திலும் பழைய இணைப்பை அழித்து, இரண்டுக்கும் புதிதாகப் பதிந்து, செற்றின் ஒலி மூலத்தை எஃப்எம்மிலிருந்து புளூடூத் ஓடியோவுக்கு மாற்றியதும் நாதஸ்வரம் கார் முழுக்க நிறைந்தது.

கூலி 500 ரூபா. வேலையிலும் நேர்மையிலும் குறையே இல்லை. நண்பகல் வெயிலில் காத்திருக்க நிழல்தான் இல்லை, ஆகவே காலையிலேயே செல்லுங்கள்.