கிழக்கே சூரியன் மறையும் என்றார்கள், 14,500 ரூபாய் கொடுத்தேன்

நேற்று ராத்திரி கடைசியாக ஒரு பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். யார் முடித்தார்கள், என்னவென்று முடித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 14,500 ரூபாய். தேனி மாவட்டம் கம்பத்தில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு அது அரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

பெயரைப் போடப் போவதில்லை. கல்யாண நாள், பிறந்த நாள், பெண்ணிடம் சம்மதம் கேட்கிற நாள், எதுவானாலும் மலைமேல் ஒரு இடம் பார்த்து, மேசை போட்டு, நீங்கள் உடுத்துகிற உடைக்குப் பொருத்தமாகப் பூங்கொத்தும் கட்டித் தருவதாகச் சொல்லும் ஆப் ஒன்று. குமுளி, தேக்கடி, மூணாறு என்று தேடினால் இந்த மாதிரி நாலைந்து வரும்.

எங்களுக்கு ஆனியில் கல்யாணம். இந்த ஆனியோடு பத்து வருஷம். கல்யாண ஆல்பத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எதை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு பெரியப்பா நிற்பார், இல்லாவிட்டால் மொய்க் கவரோடு யாருடைய கையாவது நீண்டிருக்கும். என் மனைவி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். இதை ஒரு நாளும் அவள் குறையாகச் சொன்னதில்லை. அதனாலேயே எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆப்பில் ஒரு படம் போட்டிருந்தார்கள். ராமக்கல்மேடு, எங்களுக்கு மேலே கேரள எல்லையில் இருக்கிற மலை விளிம்பு. பாறை ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை, இரண்டு நாற்காலி. கீழே நம்ம கம்பம் பள்ளத்தாக்கு, தென்னந்தோப்பும் வயலுமாகக் கட்டம் கட்டமாக. அந்தச் சமவெளிக்கு மேலே ஆரஞ்சுப் பழம் மாதிரி சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "அந்தி நேரம், உங்கள் இருவருக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சும்மா விசாரிக்கலாம் என்று நம்பரைக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். "அண்ணே, நானும் உத்தமபாளையம்தாண்ணே." அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். நம்ம பக்கத்துப் பேச்சு, நம்ம பக்கத்து இழுவை. விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "அண்ணி என்ன சேலை கட்டுவாங்க?" என்று கேட்டாள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் என்றேன். "கல்யாணத்தன்னிக்கு மாலையில என்ன பூ இருந்துச்சு, ஞாபகம் இருக்காண்ணே?" என்றாள். இப்படி யாராவது கேட்பார்களா? சம்பங்கி, சீலையம்பட்டி மார்க்கெட்டில் அப்பா விடியக்காலை போய் வாங்கி வந்த சம்பங்கி என்று சொன்னேன். அப்பா இப்போது இல்லை என்பதையும் சொன்னேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப சம்பங்கியை வச்சே கட்டிடலாம்ணே. கூட கிரீம் லில்லி, அரக்குக் கலர்ல கார்னேஷன். அண்ணி அழுதுடுவாங்க பாருங்க" என்றாள்.

உண்மையில் அழுதாள். அது வேறு கதை.

மொத்தம் 16,000. பாதி முன்பணம், மீதி அன்றைக்கு. "முழுசா இப்பவே போட்டுட்டீங்கன்னா 1,500 குறைச்சுடுறேண்ணே, எங்க மேலதிகாரிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். கடையில் ஒரு மூட்டை ஏலக்காய்க்கு நாலு தடவை எடை பார்க்கிறவன் நான். யூபிஐயில் 14,500 ரூபாயை ஒரே தட்டில் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, தெரிந்த தம்பி ஒருவனுடைய காரில் கம்பம்மெட்டு ஏறி, தூக்குப்பாலம் வழியாகப் போனோம். எங்கே போகிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை. பாதி வழியில், ஆப்பில் இருந்த படத்தைத் தம்பியிடம் காட்டி, இந்த இடத்துக்குத்தான் என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தான். "ஏண்ணே, கீழ தெரியறது நம்ம ஊருல்ல? அது கிழக்கே இருக்கு. சூரியன் எப்படிண்ணே அங்க மறையும்?"

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. நாற்பது வருஷமாகக் கம்பத்தில் இருக்கிறேன். தினமும் சாயங்காலம் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் இறங்குகிறது. மலை நமக்கு மேற்கே. மலைமேல் நின்றால் நம்ம ஊர் கிழக்கே. ராமக்கல்மேட்டு விளிம்பில் நின்று தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால் சூரியன் உதிக்கிறதைப் பார்க்கலாம். சாயங்காலம் போனால், மலையின் நிழல் நீண்டு நீண்டு நம்ம ஊர் வயலை மூடுவதைத்தான் பார்க்கலாம். செல்லார்கோவில் மெட்டிலும் இதே கதைதான். அந்தப் படம் காலையில் எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லை வேறு எங்கேயோ எடுத்து ஒட்டியதாக இருக்க வேண்டும். வெளியூர்க்காரன் ஏமாந்தால் நியாயம் உண்டு. எனக்கு என்ன நியாயம்?

அனுப்பிய லொகேஷன், டிக்கெட் வாங்கி ஏறுகிற இடத்துக்குப் போகவில்லை. அதற்கு முன்பே ஒரு மண் பாதையில் திருப்பி, யாருடையதோ ஏலத்தோட்டத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டது. இரண்டு பையன்கள் ஒரு பிக்கப் வண்டியில் மேசையோடு நின்றார்கள். ஆனி மாதக் காற்றை ராமக்கல்மேட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்றாலை நிறுத்தியிருப்பது சும்மா இல்லை. மேசைத்துணியின் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். பலூன் வளைவு என்று சொன்னது கம்பி மட்டும்தான் நின்றது, பலூன்கள் ஏலச்செடிக்குள் கிடந்தன. மெழுகுவர்த்தியை ஒரு பையன் ஏழெட்டுத் தீக்குச்சி கிழித்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பிறகு பூங்கொத்து. சம்பங்கி ஒரு பூ இல்லை. லில்லி இல்லை, கார்னேஷன் இல்லை. சிவப்பு ரோஜா பன்னிரண்டு, வெளி இதழ்களை உரித்துப் புதுசு மாதிரி காட்டிய பழைய ரோஜா. கையில் வாங்கும்போதே இரண்டு உதிர்ந்தது. நடுவில் நீலச் சாயம் அடித்த செவ்வந்தி. மாம்பழ மஞ்சள் சேலைக்கு நீலச் செவ்வந்தி! சுற்றிலும் கறுப்புத் தாள், அது காற்றில் பாய்மரம் மாதிரி விரிந்து கொத்தையே இழுத்தது. காம்பில் ஈரப்பஞ்சுகூட இல்லை, மத்தியானத்திலிருந்து வண்டியில் கிடந்திருக்கிறது.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அந்த நேரம் பார்த்துச் சாரல். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. செவ்வந்தியின் நீலம் கரைந்து முந்தானையில் இறங்கிவிட்டது. அப்போதுதான் அழுதாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா எடுத்துக் கொடுத்த சேலை அது.

துடைத்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்து ஆள் ஒருவர் வந்து, "ஆரோடு சோதிச்சிட்டா அகத்து கேறியது?" என்று சத்தம் போட்டார், யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று. பையன்கள் முழித்தார்கள். அனுமதி யாரும் வாங்கவில்லை. என் மனைவிதான் மலையாளத்தில் பேசினாள், எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், அப்பா யார் என்று. பெரியவர் தணிந்து, பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் கார்த் தம்பி என் போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சேலையில் நீலம்.

கிளம்பும்போது பையன்களிடம் கேட்டேன். பூ, மேசை, வண்டி, டீசல் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு மூவாயிரமாம். அதிலும் பாதி இன்னும் வரவில்லை என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 14,500 ரூபாயில் மீதி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை கூப்பிட்டேன். உத்தமபாளையத்துப் பெண் இல்லை, அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை. பொது நம்பரில் ஒருவர் இந்தியில் பேசினார். அடுத்தவர் ஆங்கிலத்தில், புகைப்படம் அனுப்புங்கள், 24 மணி நேரம் என்றார். செவ்வாய்க்கிழமை, "மழையும் காற்றும் இயற்கை, அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல." சாயமும் இயற்கையா என்று கேட்டேன். புதன்கிழமை, "பூ கிடைப்பதைப் பொறுத்து மாறும் என்று நிபந்தனைகளில் இருக்கிறது." தேடிப் பார்த்தேன், இருக்கிறது, எறும்பு எழுத்தில். சூரியன் மறைகிற திசையும் கிடைப்பதைப் பொறுத்துதான் மாறுமா? அதற்குப் பதில் இல்லை. வியாழக்கிழமை பெரிய மனதோடு 1,000 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள், அடுத்த ஏற்பாட்டுக்குக் கழித்துக்கொள்ளலாமாம். 90 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். கல்யாண நாள் வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை. வெள்ளிக்கிழமை ராத்திரி, முதலில் சொன்ன அந்த ஒரு வரி.

எந்த மாதத்துக்கு எந்த மேடு, எந்தச் சேலைக்கு எந்தப் பூ என்று விலாவாரியாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. தோன்றுகிறதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்ததும் திசையைப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கு கீழே தெரிகிற இடம் எதுவானாலும் காலையில் போங்கள். ஆனி, ஆடியில் மேட்டு விளிம்பே வேண்டாம். சுருளிப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் திராட்சைப் பந்தல் இருந்தால் அதன் நிழலே போதும், பன்னீர் திராட்சை தொங்குகிற மாதிரி பின்னணி எந்த ஆப்பிலும் கிடைக்காது. (இது என் மனைவி சொன்னது. முன்னாடியே அவளைக் கேட்டிருக்கலாம்.) தோட்டத்துக்குள் என்றால் உடைமைக்காரரிடம் நீங்களே பேசுங்கள்.

பூவைக் கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். ரோஜாவின் அடியை லேசாக அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்றால் பழசு. சாயம் அடித்த பூ சேலைக்குப் பக்கத்திலேயே வேண்டாம். லில்லி வாங்கினால் நடுவில் இருக்கிற மகரந்தக் காம்புகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள், அந்தப் பொடி பட்டில் பட்டால் லேசில் போகாது. மார்க்கெட்டில் சம்பங்கி மாலைக்கு உதிரியாகத்தான் நிறைய வரும், கொத்துக்கு நீளக் காம்போடு அடுக்கு வகை வேண்டும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒரு போனில் "கட்டிடலாம்ணே" என்று சொன்னபோதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நான் எல்லாவற்றையும் போனில் பேசிவிட்டேன், கையில் இருப்பது 14,500 ரூபாய் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே நடக்காவிட்டால் தேனி நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

சேலையை டிரை கிளீனிங் கடையில் கொடுத்திருக்கிறேன். நீலம் முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார் கடைக்காரர். 450 ரூபாய், முன்பணம் கேட்டார். வேலை முடியட்டும் அண்ணே, தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.