நீர்வள மேலாண்மை மாஸ்டர்ஸ்: சேரலாமா? படிச்சு முடிச்சவளோட ரிவ்யூ

காலேஜ் பேரு போடல, ஏன்னா கீழ சில குறையும் எழுதியிருக்கேன். தமிழ்நாட்டுலயே தான், ரெண்டு வருஷ கோர்ஸ், சிவில், அக்ரி, சோஷியாலஜி, எகனாமிக்ஸ்னு எல்லாத்துல இருந்தும் ஆள் எடுத்து ஒரே கிளாஸ்ல உக்கார வெப்பாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

சென்னைக்கு குடிதண்ணி குடுக்கற செம்பரம்பாக்கம் ஏரிய அவங்க பாடமா நடத்தின விதத்துக்கே பாதி மார்க் குடுத்துடலாம். ஹைட்ராலஜி மேடம் 2015 டிசம்பர் வெள்ளத்த எடுத்து, விநாடிக்கு 29,000 கனஅடி வரைக்கும் அடையாத்துல திறந்து விட்டாங்களே, அதுக்கு முன்னாடி ஏரிக்கு எவ்ளோ வரத்து, எப்பவே கொஞ்சம் காலி பண்ணி வெச்சிருக்கலாம்னு எங்களையே கணக்கு போட வெச்சாங்க. நாங்க சிவில் பசங்க விடை வந்துருச்சுன்னு இருந்தோம். அடுத்து பாலிசி சார் வந்து, அதே ஏரி 2019ல வறண்டு போய் ஜோலார்பேட்டைல இருந்து சென்னைக்கு ரயில்ல ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி கொண்டு வந்தாங்க, குடிதண்ணிக்கு நெரப்பியும் வெக்கணும் வெள்ளத்துக்கு காலியாவும் வெக்கணும், இப்ப ஷட்டர திறன்னு கையெழுத்து போடறது யாரு, தப்பா போச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டாரு, கிளாஸே அமைதியாயிடுச்சு. சட்டம் எடுத்தவங்க இன்னொன்னு சொன்னாங்க, மழைநீர் சேகரிப்ப கட்டாயமாக்கின அதே 2003ல நிலத்தடி நீருக்கும் ஒரு சட்டம் போட்டாங்க, அது நடைமுறைக்கே வராம 2013ல ரத்தாயிடுச்சு. பிஇ நாலு வருஷத்துல இத ஒருத்தரும் சொல்லல எங்களுக்கு.

ஃபீல்ட் ஒர்க் தான் இந்த கோர்ஸோட உயிர். சிவகங்கை பக்கம் ஒரு கண்மாய்க்கு கூட்டிட்டு போனாங்க, நாங்க லெவல் எடுத்து மடையோட அளவு, கலுங்கு (மிச்ச தண்ணி வழிஞ்சு போற இடம்) உயரம், ஆயக்கட்டு (அதுல பாசனம் ஆகற நிலம்) எவ்ளோன்னு குறிச்சுக்கிட்டு இருந்தோம், கூட வந்த சோஷியாலஜி பொண்ணு வயலுக்கு தண்ணி பிரிச்சு விடற நீர்க்கட்டி ஐயாகிட்ட உக்காந்து கடைமடைக்கு தண்ணி போகலன்னா யாரு வந்து சண்ட போடுவாங்கன்னு பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தா. நாத்து நடறதுல இருந்து ராத்திரி தண்ணி பாய்ச்சறது வரைக்கும் பொம்பளைங்க செய்றாங்க, பட்டா வீட்டுக்காரர் பேர்ல இருக்கறதால பாசன சங்கத்துல அவங்க பேரே இல்ல, இது அவ ரிப்போர்ட்ல தான் வந்துச்சு. எங்க மேப்ல அதுக்கு இடமே இல்ல! அன்னிக்கு ராத்திரி ரெண்டு ரிப்போர்ட்டயும் ஒண்ணா சேர்த்து எழுதச் சொன்னாங்க, விடிய விடிய சண்ட போட்டு எழுதினோம், எனக்கு அந்த ஒரு ராத்திரிக்கே ஃபீஸ் சரியா போச்சு.

குறைன்னு பாத்தா, முதல் செமஸ்டர்ல ஆர்ட்ஸ்ல இருந்து வந்தவங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரொம்ப கஷ்டப்பட்டாங்க, பிரிட்ஜ் கோர்ஸ்னு பேருக்கு தான் இருந்துச்சு. அதவிட பெரிய தலைவலி தீசிஸ். ரெண்டு டிபார்ட்மென்ட்ல இருந்து ரெண்டு கைடு, ஒருத்தர் மாடல ரன் பண்ணும்பாரு, இன்னொருத்தர் ஊருக்கு போய் பேசிட்டு வாம்பாரு, ரெண்டையும் செஞ்சு கொண்டு போனா வைவாக்கு வந்த எக்ஸ்டர்னல் இதெல்லாம் இன்ஜினியரிங்கே இல்லன்னுட்டாரு. பாஸ் போட்டுட்டாரு, ஆனா மனசு ஆறல. துறைகளுக்கு நடுவுல படிக்கறவங்கள மதிப்பிட அந்த மாதிரி ஆளயே கூப்பிடணும்ல?

வேலை: அரசு ஏஇ (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) போஸ்ட் தான் குறின்னா பிஇ சிவிலே போதும், இதுக்காக ரெண்டு வருஷம் போட வேணாம். ஸ்வாட் (SWAT), மாட்ஃப்ளோ (MODFLOW) மாதிரி தண்ணி ஓட்டத்த கணக்கு போடற சாஃப்ட்வேர் வெச்சு மாடலிங்ல ஆழமா போகணும்னாலும் ஹைட்ராலஜி எம்இ எடுங்க. ஏரி குளம் புனரமைப்பு பண்ற தொண்டு நிறுவனம், கன்சல்டன்சி, ஆராய்ச்சின்னு போறவங்களுக்கு இது நல்லாவே உதவுது, எங்க பேட்ச்ல நெறைய பேர் அப்படி தான் இருக்காங்க.

சேர்றதுக்கு முன்னாடி சீனியர்ஸ்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுருங்க: ஃபீல்டுக்கு நெஜமாவே கூட்டிட்டு போறாங்களா, தீசிஸ்க்கு எக்ஸ்டர்னல் எந்த டிபார்ட்மென்ட்ல இருந்து வர்றாங்க. மழுப்பினாங்கன்னா வேற காலேஜ் பாருங்க.