நாற்றப் புகார்: வாரியமா, கலெக்டர் மனுவா?

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் குட்டையில் தேங்கி அழுகினால் ராத்திரியில் முட்டை அழுகிய வாடை வீட்டுக்குள் வரும். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புகாரை எங்கே கொடுப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலா, கலெக்டர் அலுவலகத்திலா?

செலவு: இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எளிமை: கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், மனுவை நீட்டினால் போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆலை இருக்கும் இடம், வாடை வரும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நகரும்.

அதிகாரம்: இங்கேதான் வாரியம் முந்துகிறது. 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுப்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் அதுவே உத்தரவிடலாம். ஆனால் 2009-இன் தேசியக் காற்றுத் தர அளவுகளில் உள்ள 12 மாசுகளில் அம்மோனியா உண்டு. முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. அதனால் புகாரில் வாடையோடு நிற்காமல் கழிவுநீர்க் குட்டையை முன்னால் வையுங்கள், போட்டோவுடன். 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டமும் துணைக்கு வரும்.

ஆலை எதுவென்று தெரிந்தால் நேராக வாரியம். ஆலை, குப்பைமேடு, ஓடை மூன்றும் கலந்த நாற்றம் என்றால் கலெக்டர் மனு. துறைகளுக்குப் பிரித்து அனுப்புவது அவர்கள் பாடு.