காணொளிக் கூட்டக் கருவி: படம் பொன், ஒலி வம்பு

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று பினாங்கு ஆய்வகத்தில் பணியாற்றும் நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் எங்கள் குழு, கொள்ளைநோய் இன்ஃபுளுவென்சா முன்னேற்பாடு குறித்து வெளிநாட்டினருடன் நடத்தும் கூட்டங்களுக்கெல்லாம் இக்கருவியைத்தான் நெடுநாளாகப் பயன்படுத்துகிறது.

படத்தில் குறையே இல்லை. வைரஸ்களின் வம்சாவளி வரைபடத்தைத் திரையில் விரித்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையங்கள் உள்ள மெல்பர்னிலும் தோக்கியோவிலும் இருப்பவர்கள் நுனிக்கிளையின் பொடியெழுத்தைக்கூடப் படித்துவிடுகிறார்கள். ஜெனீவாவில் பிற்பகல் இரண்டு மணி என்றால், பிப்ரவரியில் நமக்கு இரவு ஒன்பது, மெல்பர்னுக்கு நள்ளிரவு. அந்நேரத்தில் எந்த மாதிரி, எந்தக் கிளை என்று யாரும் திரும்பக் கேட்காதிருப்பதே பெரிய உபகாரம்.

ஆனால் அந்த இரைச்சல் நீக்கி! குளிர்சாதனத்தின் உறுமலையும் மாலை மழையையும் அகற்றும்போது, பேச்சையும் சேர்த்துச் சீவிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஃபைவ், நைன் இரண்டுக்கும் நடுவோசை ஒன்றே. ஃபைவின் முதலோசை வெறும் காற்றொலியாதலால், கருவி அதை இரைச்சலென்றே தள்ளிவிடுகிறது. (இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் விமான வானொலியில் ‘நைனர்’ என்கிறார்கள்.) பறவைக் காய்ச்சல் வைரஸின் எச்5என்1, எச்9என்2 என்னும் உபவகைகளை எங்களிடையே எச்5, எச்9 என்று சுருக்கிச் சொல்வதே வழக்கம். எச்5என்1 தொற்றியதாகப் பதிவான மனிதர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். எச்9என்2 பெரும்பாலும் லேசாகக் கடந்துவிடுகிறது. மனிதருக்கு வந்தது உறுதியானால் இரண்டையுமே 24 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தாக வேண்டும் என்பது உண்மைதான். எனினும் தடுப்பூசி செய்ய எந்த வைரஸைத் தேர்வது என்னும் அடுத்த கேள்வியிலேயே வழி பிரிந்துவிடும். ஒரு பாவனைப் பயிற்சியில் நாங்கள் எச்5 என்று அறிவிக்க, மறுமுனையினர் எச்9 என்று குறித்துக்கொண்டு நிதானமாகக் கோழிச்சந்தைக் கண்காணிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பழுது பார்த்தவர்கள் ஒலிவாங்கியை மாற்றித் தந்தார்கள்; கோளாறு மென்பொருளில் இருப்பதால் அதனால் ஒரு பயனும் இல்லை. இரைச்சல் நீக்கியை அணைத்து வைத்தாலும், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் அது தானாகவே உயிர்பெற்றுவிடுகிறது. இப்போது வைரஸின் உபவகையை வாயால் சொல்வதோடு, திரையிலும் தட்டச்சு செய்கிறோம்.

நியாயமாகப் பார்த்தால் நல்ல கருவிதான். ஆயினும் இன்றைக்கு என்னைக் கேட்டால், வாங்காதீர்கள் என்றே சொல்வேன். வாங்கியே தீருவதென்றால், மேசை நடுவில் வைக்கக் கம்பியிணைப்புள்ள தனி ஒலிவாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அதற்கான ரிங்கிட்டையும் கூட்டினால் தள்ளுபடி என்று எதுவும் மிஞ்சாது.