முன்குறித்தலா, சுயசித்தமா: பிறருக்காக ஜெபிக்கும்போது

மனந்திரும்பாத தம்பிக்காக ஒருவர் முழங்காலிடுகிறார். அவர் தேவனிடம் என்ன கேட்கிறார் என்பதில்தான், யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவனே முன்குறித்தார் என்னும் போதனையும், மனிதன் தன் சித்தத்தால் ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்னும் போதனையும் பிரிகின்றன.

முன்குறித்தலை வலியுறுத்தும், ஜான் கால்வினின் வழிவந்த கால்வினியர் பார்வையில், பாவத்தில் மரித்த மனிதன் தானாகத் தேவனைத் தேடமாட்டான். உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளப்பட்டவனைக் கிருபையே உயிர்ப்பிக்கும். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இதை உறுதிசெய்தது. எல்லாம் முடிவாகிவிட்டதென்றால் ஜெபம் எதற்கு? முடிவை நியமித்தவர் வழியையும் நியமித்தார், ஜெபம் அந்த வழிகளில் ஒன்று என்பது அவர்களின் பதில். இது எனக்குச் சாக்காகப் படவில்லை. கல்லான இருதயத்தை மாற்ற வல்லவரிடம்தானே "மாற்றும் ஆண்டவரே" என்று மன்றாட முடியும்?

சுயசித்தத்தை வலியுறுத்தும், யாக்கோபஸ் அர்மீனியஸ் என்னும் இறையியலாளரின் வழிவந்த அர்மீனியர் பார்வையில், மனிதன் தேடுமுன்பே தேவன் தரும் 'முந்திவரும் கிருபை' எல்லோரையும் தொடுகிறது. அதை மறுக்கவும் மனிதனால் முடியும். எல்லோரும் இரட்சிக்கப்படத் தேவன் சித்தமாயிருக்கிறார் என்னும் 1 தீமோத்தேயு 2:4 இங்கே நேராகப் பொருந்துகிறது. இதுதான் இப்போதனையின் பெரும் பலம். ஆனால் மறுக்கும் உரிமையை விட்டுவைத்தபின் எதைக் கேட்பது? கண் திறக்க, தடை நீங்க, சுவிசேஷம் சொல்ல ஒருவர் எதிர்ப்பட என்கிறார்கள்.

இங்கிலாந்துப் பிரசங்கிகளான, அர்மீனியப் பக்கம் நின்ற ஜான் வெஸ்லியும் கால்வினியப் பக்கம் நின்ற ஜார்ஜ் விட்ஃபீல்டும் 1739 முதல் இதில் கடுமையாக மோதினார்கள். 1770இல் விட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது, லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

என் சாய்வு கால்வினியர் பக்கம். ரோமர் 9இல் தெரிந்தெடுப்பை அவ்வளவு கண்டிப்பாக எழுதிய பவுல், 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இஸ்ரவேலரின் இரட்சிப்புக்காக விண்ணப்பம் செய்கிறார்.